செயற்கைப் புல்லுக்கு அடியில் என்ன போட்டார்கள்?

வீட்டுப் பின்புறத்து நீச்சல் குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் விரிக்கும் எண்ணம் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது புல்லில் அல்ல. புல் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடியில்தான் ஏமாந்தேன்.

குளத்தைச் சுற்றி முன்பு இருந்தது உண்மையான புல். குளித்துவிட்டு ஏறும் கால்களெல்லாம் சேறாகும். புல் வெட்டினால் பாதி தண்ணீரில் மிதக்கும். செயற்கைப் புல் இந்தத் தொல்லையைத் தீர்க்கும் என்று ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு மாதிரித் துண்டைக் கொண்டுவந்து, "தடவிப் பாருங்கள் சார்" என்றார். தடவினேன். பூனைக்குட்டி முதுகு போல இருந்தது. "அடியில் என்ன போடுவீர்கள்?" என்று கேட்டதற்கு, "அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒப்பந்தத் தாளில் அந்த வேலையைப் பற்றி இருந்தவை மூன்றே சொற்கள்: 'அடித்தளப் பணி உட்பட'. அதற்கு என்ன பொருள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வேலை நடந்த அன்று நான் வீட்டில் இல்லை. மாலையில் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. இவ்வளவு பெரிய வேலை ஒரே பகலில் எப்படி முடிந்தது என்று சந்தேகப்பட வேண்டிய நான், வேகத்தை மெச்சி மீதித் தொகையையும் கொடுத்துவிட்டேன். குளத்தோடு சேர்த்து நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

முதல் வாரம் சொர்க்கம். பிறகு குழந்தைகள் குளித்து ஏறும் படிக்கட்டுப் பக்கம் கால் வைத்தால் 'சளக்' என்றது. தண்ணீர் படாமல் இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே சளக். பிறகு நாற்றம் கிளம்பியது. தண்ணீரை உறிஞ்சும் வாய்க் கூடையில் கறுப்பு ரப்பர் துகள்கள் கைப்பிடி கைப்பிடியாகச் சிக்கின. புல் நிமிர்ந்து நிற்பதற்காக இழைகளுக்கு இடையே தூவியிருந்தவை அவை. ஃபில்டர் அடைபட்டு, அதன் அழுத்தமானி முள் ஏறிக்கொண்டே போனது. குளக்கரையில் ரப்பர் துகளைத் தூவவே கூடாதாம். கழுவிச் சலித்த சிலிக்கா மணல்தான் சரியானது, அதுவும் அளவாக. கறுப்புத் துகள் வெயிலையும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்கிறது. நல்ல வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதை மாதிரித் துண்டு சொல்லவில்லை. உச்சிப் பொழுதில் என் மகள் குளத்திலிருந்து நிழலுக்கு ஓடிய ஓட்டம் சொன்னது.

ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டால், "குளோரின் தண்ணீர் படுகிறது அல்லவா, அதனால்தான்" என்றார். பச்சைப் பொய். குளத்து நீரில் வழக்கமாக இருக்கும் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின், புல்லின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இழையை ஒன்றும் செய்யாது. செய்தாலும், தண்ணீர் வடியாமல் தேங்குவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உத்தரவாதத்தை எடுத்துப் படித்தேன். இழையின் நிறம் மங்கினால் மட்டும் செல்லுமாம். விரித்த விதத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

தெரிந்த கொத்தனார் ஒருவர் வந்து ஒரு மூலையைப் பிரித்தார். கம்பளம் போல மடங்கிய புல்லுக்கு அடியில் விரற்கடை அளவு மணல், அதற்கும் அடியில் ஒரு பாலித்தீன் தாள். புல் விரிப்பின் அடிப்புறத்தில் நீர் வடிய வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. தாளில் ஒரு துளைகூட இல்லை. தாளைத் தூக்கினால், என் பழைய புல் வெளுத்துக் கொழகொழத்து அப்படியே கிடக்கிறது! ஒரு மண்வெட்டி மண்கூட அவர்கள் எடுக்கவில்லை. கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "வாட்டம் குளத்தைப் பார்த்து இருக்கிறது ஐயா" என்றார். தரைச் சரிவைத்தான் வாட்டம் என்கிறார். இத்தனை நாள் அந்த அழுகல் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்துக்குள்தான் இறங்கியிருக்கிறது. விளிம்புக் கல்லை ஒட்டியிருந்த வடிகால் பள்ளத்தையும் புல்லாலேயே மூடியிருந்தார்கள்.

ஓரத்தை நிறுத்த அவர்கள் அடித்திருந்தவை சாண் நீள ஆணிகள். குளத்துக் குழாய்கள் மண்ணுக்குள் எந்தப் பக்கமாகப் போகின்றன என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடித்திருக்கிறார்கள். குழாய் தப்பியது என் அதிர்ஷ்டம். ஆணித் தலைகள் மட்டும் துருப்பிடித்து மேலே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன, வெறுங்காலோடு நடக்கும் இடத்தில்.

செய்திருக்க வேண்டியது என்ன என்பதைக் கொத்தனாரிடம்தான் கற்றுக்கொண்டேன். பழைய புல்லை வேரோடு எடுத்து, 7 முதல் 10 சென்டிமீட்டர் தோண்டி, உடைத்த ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம், குளத்தை விட்டு விலகி. களை முளைக்காமல் இருக்க நீரை உள்ளே விடும் துணி, பாலித்தீன் அல்ல. விளிம்புக் கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே கல் பட்டை ஒன்று விட்டால் இன்னும் நல்லது.

ஜன்னல் கண்ணாடியிலிருந்து தெறிக்கும் வெயிலில் ஒரு கோட்டில் இழைகள் உருகிச் சுருண்டும் போயின. அதற்கு நான் ஒப்பந்தக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தொழிலிலேயே இருப்பவர், முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

ஆகவே மாதிரித் துண்டைத் தடவாதீர்கள். உச்சி வெயிலில் போட்டு அதன் மேல் வெறுங்காலோடு நில்லுங்கள். அடித்தளத்தின் ஆழம், ஜல்லி, வாட்டம் எல்லாவற்றையும் தாளில் எண்களாக எழுதி வாங்குங்கள். ஜல்லி போடும் நாளில் வேறு எந்த வேலை இருந்தாலும் வீட்டில் இருங்கள், புல் மூடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் நான்கைந்து வாளித் தண்ணீரைக் கவிழ்த்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

இப்போது பின்புறம் முழுக்கத் தோண்டிக் கிடக்கிறது. புல் சுருள் மழைக்கு ஒதுங்கிச் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. நேற்று அந்த ஒப்பந்தக்காரரின் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. அன்று மாலை அவர் எடுத்த படம், பச்சைப் பசேலென்று, என் குளத்தோடு.