ஒடைபாவா, யோகோஹாமாவா?

டோக்கியோவுக்கு வருகிறவர்கள் அசாகுசா, ஷிபுயா எல்லாம் சுற்றி முடித்ததும், "கடலோரமா எங்கயாவது போகலாமே" என்று ஆரம்பிப்பார்கள். அப்போது அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று டோக்கியோ விரிகுடாவில் உள்ள ஒடைபா தீவு. இன்னொன்று ஷிபுயாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய யோகோஹாமா துறைமுகத்தின் மினாதோ மிராய் பகுதி. கடல், மால்கள், குழந்தைகளுக்கு விளையாட்டு, இரவு விளக்குகள் என்று இரண்டிலும் எல்லாம் உண்டு. படத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நேரில் அப்படி இல்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஒடைபா பற்றிய பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கிளம்பாதீர்கள். 115 மீட்டர் ராட்சத ராட்டினம், கூரையில் செயற்கை வானம் வரைந்திருந்த வீனஸ் ஃபோர்ட் மால், ஒளி ஓவியங்களால் கூட்டத்தை இழுத்த டீம்லேப் பார்டர்லெஸ் அருங்காட்சியகம் மூன்றும் 2022-ல் மூடப்பட்டுவிட்டன. வெந்நீர்க் குளியல் விடுதியான ஓயேடோ ஒன்சென் அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டது. பார்டர்லெஸ் 2024-ல் நகருக்குள் அசாபுடாய் ஹில்ஸில் மறுபடி திறந்தது. ஒரு முழு நாளைக்கு இருந்த தீவு, இப்போது அரை நாளைக்குத்தான் தாங்கும் என்பது என் கணிப்பு.

ஆனால் அந்த அரை நாள் நன்றாகவே இருக்கும். போகிற வழியே பாதி வேடிக்கை. நகருக்குள் இருக்கும் ஷிம்பாஷி நிலையத்தில் யூரிகாமொமே ரயில் ஏறுங்கள். ஓட்டுநர் கிடையாது, அதனால் முதல் பெட்டியின் முன்வரிசை இருக்கை பயணிகளுக்கே. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள், தப்பில்லை. நகரையும் தீவையும் இணைக்கும் ரெயின்போ பாலத்தின் உயரத்துக்கு ஏற, ரயில் கடற்கரையில் ஒரு முழு வட்டம் அடிக்கும். பாலம் முதலில் எதிரே தெரியும், பிறகு பக்கவாட்டில் நழுவும், பிறகு பார்த்தால் நாமே அதன்மேல் போய்க்கொண்டிருப்போம். ரிங்காய் ரயில் ஷின்ஜுகுவிலிருந்து வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்தான், ஆனால் தீவுக்குச் சுரங்கத்தில் போய் இறங்குவதில் என்ன சுகம்?

யோகோஹாமா போகும் ரயிலும் கடைசியில் சுரங்கத்துக்குள்தான் போகிறது. அங்கே வேடிக்கைக்கு 2021-ல் வந்த ஏர் கேபின் கேபிள் கார் இருக்கிறது. சகுராகிச்சோ நிலையத்திலிருந்து நீரின்மேல் ஐந்து நிமிடப் பயணம். அந்தத் தூரத்துக்கு ஆயிரம் யென் அதிகம் என்பேன். அதே இடத்துக்குப் பழைய சரக்கு ரயில் பாதையை நடைபாதையாக்கிய கிஷாமிச்சியில் காசில்லாமல் நடந்தே போகலாம்.

ஷாப்பிங்கில் ஒடைபா முந்துகிறது என்பார்கள். டைவர்சிட்டி, அக்வா சிட்டி, டெக்ஸ் என்று மூன்று மால்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. உண்மையில் பாதிக்குமேல் ஜப்பானில் எங்கும் கிடைக்கும் பிராண்டுகள். தனியாகச் சொல்லக்கூடியவை இரண்டு: டைவர்சிட்டியில் 'குண்டம்' என்ற அனிமே ரோபோக்களை நாமே பொருத்திச் செய்யும் பொம்மைத் தொகுப்புகள் விற்கும் கடை, டெக்ஸுக்குள் 1950-60களின் கடைத்தெருவைப் போல அமைத்த மிட்டாய் அங்காடி. டைவர்சிட்டி வாசலில் 19.7 மீட்டர் யூனிகார்ன் குண்டம் ரோபோ சிலை நிற்கிறது. குறிப்பிட்ட நேரங்களில் அதன் நெற்றிக் கொம்பு இரண்டாகப் பிரியும், கவசத் தகடுகள் விலகும், இடுக்குகளில் சிவப்பு ஒளி வழியும். அனிமே தெரியாத பெரியவர்கள்கூட போனை உயர்த்திவிடுவார்கள். இருட்டிய பிறகு பார்ப்பதே சரி.

யோகோஹாமாவில் மால்கள் குறைவில்லை, ஆனால் நான் காசு செலவழிப்பது செங்கல் கிடங்குகளில். 1911-லும் 1913-லும் கட்டி முடித்த சுங்கக் கிடங்குகள் 2002 முதல் சிறு கடைகளும் உணவகங்களுமாக இயங்குகின்றன. பக்கத்திலேயே கப் நூடுல்ஸ் அருங்காட்சியகம். கோப்பையில் நாமே படம் வரைந்து கொடுத்தால், ஒரு கைப்பிடியைச் சுற்ற, கவிழ்ந்த கோப்பைக்குள் நூடுல்ஸ் போய் உட்காரும். அப்புறம் சூப்பும் நான்கு சேர்க்கைகளும் நம் விருப்பம். சுத்த சைவக்காரர்கள் அதைச் சாப்பிட முடியாது, நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். ஒடைபாவில் இதற்கு ஈடு மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் மிராய்கான், சின்னது என்றால் நூடுல்ஸ். செவ்வாய்க்கிழமை இரண்டுக்குமே விடுமுறை, கவனம்.

இரண்டு இடங்களுக்கும் மூலம் ஒரே கப்பல்கள்தான். 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்கள் வந்து மிரட்டியதும், அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகன் அரசு அவசர அவசரமாக விரிகுடாவில் பீரங்கித் தீவுகளைக் கட்டியது. ஒடைபா அப்படித் தொடங்கியது. மிரட்டலுக்கு இறங்கிவந்து 1859-ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்ட துறைமுகம் யோகோஹாமா. அமெரிக்கரைத் தடுக்கக் கட்டிய ஒடைபாவின் கரையில் இன்று சுதந்திர தேவி சிலையின் நகல் நிற்பதை என்னவென்று சொல்ல! மூன்றாம் பீரங்கித் தீவு இப்போது பூங்கா. பத்தில் ஒருவர்கூட அங்கே நடந்துபோவதாகத் தெரியவில்லை.

யோகோஹாமாவில் வரலாறு காலடியிலேயே வரும். யமாஷிதா பூங்கா 1923 நிலநடுக்க இடிபாடுகளைக் கடலில் கொட்டி உருவாக்கியது. அதன் ஓரத்தில் குவிமாடம் வைத்த நீரூற்று மண்டபம் ஒன்று உண்டு. நிலநடுக்கத்தில் தங்களுக்கு உதவிய நகருக்கு அங்கிருந்த இந்திய வணிகர்கள் நன்றியாகக் கொடுத்தது. அங்கிருந்து சைனாடவுன் நடக்கும் தூரம். சாப்பாட்டில் ஒடைபாவின் ஃபுட் கோர்ட்டுகள் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

என்னைக் கேட்டால் முழு நாள் இருந்தால் யோகோஹாமா. அரை நாள்தான் என்றால், அல்லது மழை கொட்டுகிறது என்றால், ஒடைபா. அங்கே பெரும்பாலும் கூரைக்கு உள்ளேயே பொழுது போய்விடும். இரவுக் காட்சியில் மட்டும் ஒடைபாவுக்கே என் ஓட்டு. யோகோஹாமாவில் கடிகாரம் பதித்த ராட்டினமும் 296 மீட்டர் லேண்ட்மார்க் கோபுரமும் அழகுதான், ஆனால் நாம் அந்த விளக்குகளுக்கு நடுவிலேயே நிற்கிறோம். ஒடைபா கரையிலிருந்து பாலமும் டோக்கியோவும் தள்ளி நின்று முழுதாகத் தெரியும்.

திரும்பும்போது தெம்பு இருந்தால் ரெயின்போ பாலத்தில் நடந்தே வரலாம், கட்டணமில்லை. நகரம் தெரிய வேண்டுமென்றால் வடக்குப் பக்க நடைபாதையைப் பிடியுங்கள். கோடையில் இரவு ஒன்பது வரை விடுவார்கள், குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுவார்கள்.