யுங்மான் விமானத்தைப் புதுப்பிக்கும் வேலையில் பழைய கையேடுகள்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பியூக்கர் பியூ 131 யுங்மான் விமானம் ஒன்றைப் பிரித்துச் சீராக்க இறங்குகிறவர்கள் முதலில் தேடிப் பிடிக்க வேண்டியது உதிரிபாகப் பட்டியலை. பராமரிப்புக் கையேடு அதற்கு அடுத்ததுதான். தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஹேங்கரில் நாலைந்து பேர் சேர்ந்து சில ஆண்டுகளாக வார இறுதிகளில் இந்த வேலையைச் செய்து வருகிறோம். மேசை மேல் எந்தப் புத்தகம் எப்போதும் திறந்து கிடக்கிறது, எது அலமாரியை விட்டு இறங்குவதே இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் நாட்டு வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஆண்டர்சன் உருவாக்கிய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் இது. 1934 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்தது. உடல் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, இறக்கை மரம், மேலே துணி. பெர்லினின் யோஹானிஸ்தாலில் தொடங்கிய நிறுவனம் 1935இல் ராங்ஸ்டார்ஃபுக்கு இடம் மாறியது. 1945இல் அந்த ஊர் சோவியத் பகுதிக்குள் போனதோடு தொழிற்சாலையின் கதை முடிந்தது. ஆகவே சந்தேகம் வந்தால் கேட்க இன்று தயாரிப்பாளர் இல்லை, மிஞ்சியிருப்பது காகிதம்தான். நல்ல வேளையாக ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று பல நாடுகள் உரிமம் பெற்று இதைக் கட்டின. ஸ்பெயினின் காசா நிறுவனம் மட்டும் 500க்கும் மேல் கட்டியது. கட்டிய இடங்களில் எல்லாம் கையேடுகளும் அச்சாயின.

சரி, உதிரிபாகப் பட்டியலுக்கு வருவோம். பெயரைப் பார்த்தால் கிடங்குக் கணக்குப் புத்தகம் போலத் தோன்றும். ஆனால் அதில் உள்ள விரிபடங்கள்தான், அதாவது பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பொருந்தும் வரிசையில் காட்டும் படங்கள்தான், எங்கள் வேலையின் ஆதாரம். இறக்கையையும் உடலையும் இணைக்கும் ஒரு பொருத்தியில் எந்த போல்ட், எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எத்தனை வாஷர், அவை எந்த வரிசையில் என்பதெல்லாம் அந்தப் படத்தில் கண்ணுக்கு முன்னால் நிற்கும். எங்களிடம் வந்த விமானம் முழுதாக வரவில்லை. முன்பே யாரோ பிரித்துப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். பெயர்ச் சீட்டு எதுவும் கிடையாது. பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு துண்டாக அடையாளம் கண்டோம். எது இருக்கிறது, எது தொலைந்துவிட்டது, எது வேறொரு விமானத்தின் பாகம் என்பது அப்படித்தான் தெரிந்தது. ஜெர்மன் அதிகம் தெரியாதவர்களும் இந்தப் புத்தகத்தைப் பயன்படுத்தலாம். படமும் எண்ணுமே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பட்டியலில் போல்ட்டுகளுக்கு அந்தக் காலத்து டின் என்னும் ஜெர்மன் தொழில் தர எண் போட்டிருக்கும். மெட்ரிக் மரைதான் என்பதால் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் போல்ட் அழகாகப் பொருந்தும். அளவு பொருந்துகிறது என்று சாதாரண போல்ட்டை இறக்கைப் பொருத்தியில் போட்டுவிடக் கூடாது. விமானத் தரத்தில் வரும் எல்என் 9037 போன்ற போல்ட்டுகளைத்தான் எங்கள் வேலையைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் பரிசோதகர் ஏற்பார். எது எதற்கு ஈடு என்று ஒரு அட்டவணை தயாரித்து, அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிப் பட்டியலின் பின்னட்டையில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதற்குச் செலவான நேரம் பல மடங்காகத் திரும்பக் கிடைத்தது.

பழுதுநீக்கக் கையேடு வேறு மாதிரி. அளவுகளுக்கு அது நம்பகமானது, செய்முறைக்குப் போதாது. பாகங்களைப் பிடித்து நிறுத்தும் தாங்குசட்டங்கள் வரிசையாக நிற்கும் பட்டறையையும், பக்கத்திலேயே அனுபவமுள்ள ஒரு மேஸ்திரியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. "சேதமான பகுதியை வெட்டி, புதியதைச் சாய்வு இணைப்பாக ஒட்டவும்" என்ற அளவில் ஒரு வரி வரும், உடனே அடுத்த தலைப்புக்குப் போய்விடும். அந்த இடைவெளியை அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி நூல் நிரப்புகிறது. அதன் முதல் அத்தியாயமே மர வேலைதான். பிளைவுட் ஒட்டுப் போடுவதற்கான 12க்கு 1 சாய்வு (தடிமனைப் போல 12 மடங்கு நீளம்), எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பசை பற்றிப் பழைய கையேடுகளில் வரும் பகுதிகளை வரலாறாக மட்டுமே படியுங்கள். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை அந்தக் காலத்தில் விமானங்களில் பரவலாக இருந்தது. ஈரம் பட்டால் அது பலம் இழக்கும், பூஞ்சையும் பிடிக்கும். பழைய மர இறக்கை எதைத் திறந்தாலும் முதல் சந்தேகம் பசை மேல்தான் போக வேண்டும். நாங்கள் ஒட்டியதெல்லாம் ரிசார்சினால் என்ற செயற்கைப் பசையில். அதற்கான கலவை விகிதம், வெப்பநிலை, அழுத்தம் எல்லாவற்றுக்கும் பசை தயாரிப்பாளர் தரும் தாள்தான் சட்டம்.

ஸ்பெயின் கையேட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உடல், இறக்கை, வால் பகுதிகளுக்கு அது மிகவும் உதவுகிறது. ஜெர்மன் பிரதியில் மங்கிப்போன சில படங்களை இதை வைத்துத்தான் புரிந்துகொண்டோம். ஆனால் என்ஜினையும் உடலையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால் உள்ள எதையும் இதிலிருந்து எடுக்காதீர்கள். காசா விமானங்களில் இருப்பது டீக்ரே என்ஜின். எங்களுடையது ஹிர்த் எச்எம் 504. என்ஜின் தாங்கி, மூடி, குழாய்கள் எல்லாமே வேறு. போருக்குப் பிந்தைய செக் விமானமான ஏரோ சி-104க்கும் இதேதான், அதில் இருப்பது வால்டர் மைனர். எடை, சமநிலைக் கணக்கை உறவுக்கார விமானத்தின் கையேட்டிலிருந்து எடுப்பது உயிரோடு விளையாடுவதுதான். உங்கள் விமானத்தைத் தராசில் ஏற்றி நீங்களே கணக்கிட வேண்டும்.

எல்லாப் புத்தகங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது ஹிர்த் என்ஜின் கையேடு. எழுதியவருக்குத் தன் என்ஜின் மேல் பாசம் இருந்திருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் அது தெரிகிறது. 105 மில்லிமீட்டர் விட்டம், 115 மில்லிமீட்டர் ஓட்டம், நான்கு சிலிண்டர்கள், கிட்டத்தட்ட 4 லிட்டர், 100 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். கிராங்க்ஷாஃப்ட் ஒரே துண்டு கிடையாது. பல துண்டுகளை முகப்பில் உள்ள ஆரப் பற்களால் கோத்து, இரு முனையிலும் வேறு வேறு மரையுள்ள போல்ட்டால் இழுத்து இறுக்கியிருப்பார்கள். அதனால்தான் முழு வளைய உருளை பேரிங்குகளை அதில் போட முடிகிறது. இதற்கான சிறப்புக் கருவிகள் கையில் இல்லாமல் அந்த இடத்தைத் தொடவே கூடாது. நாங்கள் கிராங்க்ஷாஃப்ட் உள்ள பகுதியை இதில் கைதேர்ந்த பட்டறைக்கு அனுப்பிவிட்டோம். கையேட்டைப் படித்திருந்ததால் அங்கே என்ன கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்தது.

தலைகீழ் என்ஜினில் எண்ணெய் சிலிண்டருக்குள் வடிந்து நிற்கும். ஸ்டார்ட் செய்யும் முன் இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடை தெரிந்தால் பலம் கொடுக்காமல் பிளக்கைக் கழற்றி வடித்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். அழுத்த அளவுகள் அந்தக் கால அட்யூ அலகில் இருக்கும். ஒரு அட்யூ 0.98 பார். இந்த வித்தியாசம் சிறியது. ஆனால் அட்யூ என்பது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம், அட்டா என்பது முழு அழுத்தம். இவை இரண்டும் குழம்பினால் ஒரு வளிமண்டல அளவே மாறிவிடும்.

பிரதிகளின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் விலை கொடுத்து வாங்கிய ஒரு மறுபதிப்பில் மடித்து வைக்கும் பெரிய படங்கள் ஒன்றுகூட இல்லை. உரை முழுவதும் இருக்கிறது, தேவையான படம் மட்டும் இல்லை. ஆகவே வாங்கும் முன்பே மடிப்புத் தாள்கள் உண்டா, எத்தனை என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். ஸ்கேன் கோப்புகளில் படத்தின் அளவு மாறியிருக்கும். வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்து பாகம் செய்யவே கூடாது, எழுதியிருக்கும் அளவு மட்டுமே அளவு. மியூனிக்கில் உள்ள டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தின் ஆவணக்காப்பகத்தில் விமானத் துறைக் காகிதங்கள் நிறைய உண்டு, விசாரிப்பது வீண் போகாது.

அப்புறம், பரிசோதகர். ஐரோப்பிய விதிகளில் இந்த மாதிரிப் பழைய விமானங்கள் பொது விதிகளிலிருந்து விலக்கப்பட்ட விமானங்களைப் பட்டியலிடும் முதலாம் இணைப்பின் கீழ் வருவதால் அந்தந்த நாட்டு விதிதான் பொருந்தும். எந்தக் கையேட்டின் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு வேலைத் தாளிலும் எழுதி, அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்து வைக்கிறோம். வேலை தொடங்கும் முன்பே அவரை அழைத்து, எந்தப் புத்தகங்களை ஆதாரமாக ஏற்கிறார் என்று கேட்டு வைப்பது நல்லது.

இப்போது இறக்கைகளுக்குத் துணி போர்த்தும் கட்டத்தில் இருக்கிறோம். நாங்கள் போர்த்துவது பாலியெஸ்டர் துணி என்பதால், பழைய கையேட்டின் துணி அத்தியாயம் இங்கே செல்லாது. துணி, பசை, டோப் (துணி மேல் பூசும் பூச்சு), சூடு எல்லாம் ஒரே தயாரிப்பாளரின் முறைப்படி இருக்க வேண்டும், ஒன்றின் முறையை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. உதிரிபாகப் பட்டியல் மட்டும் இன்னமும் மேசை மேலேயே இருக்கிறது, இறக்கையின் பின் விளிம்பில் அசையும் எய்லெரானின் கீல்களுக்கான வாஷர் வரிசை அதில்தான் இருக்கிறது.