ஒரு நாள்தான் இருக்கிறது: காமகுராவா, நிக்கோவா?

ஊரிலிருந்து யாராவது டோக்கியோவுக்கு வந்தால் இரண்டு நாளில் கோபுரங்களும் கடைத்தெருக்களும் முடிந்துவிடும். மூன்றாம் நாள் "வெளியூர் எங்கேயாவது போகலாமா?" என்பார்கள். தெற்கே காமகுரா, வடக்கே நிக்கோ. இரண்டுக்கும் பலமுறை போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே நாள் என்றால் காமகுரா. நிக்கோ மட்டமான ஊர் இல்லை. ஒரு நாளில் பார்த்து முடிக்கிற ஊர் இல்லை, அவ்வளவுதான்.

டோக்கியோ ஸ்டேஷனில் யோகோசுகா லைன் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காமகுரா. நிக்கோவுக்கு அசாகுசாவிலிருந்து தோபு எக்ஸ்பிரஸில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அதோடும் முடியாது. தோஷோகூ கோயில் கீழே, கெகோன் அருவியும் சூசென்ஜி ஏரியும் மலைமேல். நடுவில் இரோஹாசாகா மலைப்பாதை, ஏற இறங்க மொத்தம் 48 வளைவுகள். 'இரோஹா' என்ற பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் 48 எழுத்து என்பதால் அந்தப் பெயர். இலை சிவக்கும் அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அந்தப் பாதையில் மாட்டிக்கொண்டோம். பஸ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. 97 மீட்டர் அருவியை நாங்கள் காதால் மட்டும்தான் பார்த்தோம்.

ஆனால் தோஷோகூவுக்கு ஈடு காமகுராவில் இல்லை. தொகுகாவா இயேயாசு என்ற ஷோகனுக்காக (ஷோகன் என்றால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்) 1617இல் எழுப்பி, அவர் பேரன் 1636இல் பெரிதாக்கிக் கட்டியது. யோமெய்மோன் வாசலில் மட்டும் 500க்கும் மேற்பட்ட சிற்பங்கள். எல்லாரும் மூன்று குரங்குகளின் முன்னால் கூடி நிற்பார்கள். நீங்கள் அருகிலேயே இருக்கும் மேல் களஞ்சியத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். இரண்டு யானைகள். யானையையே பார்த்திராத கானோ தன்யூ என்ற ஓவியர் வரைந்து கொடுத்த மாதிரி என்கிறார்கள். தும்பிக்கை சரியாக இருக்கிறது. காதும் வாலும் வேறேதோ விலங்குடையவை. கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்கி வளர்ந்த நமக்கு அது சட்டென்று தெரிந்துவிடும். கேள்விப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை பிரியமாக ஒரு யானையைக் கற்பனை செய்திருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இயேயாசுவின் சமாதிக்கு 207 கற்படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போனால் கீழேயே உட்காரவைக்க வேண்டியதுதான்.

காமகுராவில் அந்தக் கவலை குறைவு. எனோதென் என்ற குட்டி ரயில், வெறும் 10 கிலோமீட்டர் பாதை, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும். திடீரென்று கடல் வரும். மூன்றாவது ஸ்டேஷன் ஹாசே. அங்கிருந்து நடந்தால் பெரிய புத்தர். 13ஆம் நூற்றாண்டு வெண்கலம், பீடம் நீங்கலாக 11 மீட்டருக்கு மேல் உயரம். மண்டபம் அழிந்தபின் பல நூற்றாண்டாக வெட்டவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறார். 50 யென் கொடுத்தால் சிலைக்குள்ளேயே போகலாம். அடுக்கடுக்காக வார்த்த தடம் உள்சுவரில் கட்டம் கட்டமாகத் தெரியும். அம்மா அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "வெயில் உள்ளே வரைக்கும் இறங்கியிருக்குடி" என்றார்.

சாப்பாட்டிலும் நிக்கோ ஒரு படி மேல். அங்கே யூபா பிரசித்தம்: சோயாப் பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை. காமகுராவில் பிரசித்தமானது ஷிராசு, பொடி மீன்குஞ்சு போட்ட சோறு. சைவக்காரர்கள் நிக்கோவிலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். யூபா மிதக்கும் சாறு பெரும்பாலும் மீன் சாறுதான்.

என் மனம் காமகுரா பக்கம் சாய இன்னொரு காரணம் ஸெனியாராய் பென்தென் என்ற கோயில். பாறையைக் குடைந்த சுரங்கவழியாக நுழைந்தால் மலை சூழ்ந்த சின்ன முற்றம், ஒரு குகை, ஊற்று. மூங்கில் கூடையில் காசை வைத்து அந்தத் தண்ணீரில் கழுவினால் பெருகும் என்பது நம்பிக்கை. பென்தென் என்பது நம் சரஸ்வதி; வீணைக்குப் பதில் பீவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம் ஏந்தியிருப்பாள். இதைச் சொன்னதும் அம்மா பர்ஸைத் துழாவி, யென்னோடு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தையும் கூடையில் போட்டார். கழுவிய காசைச் செலவழிக்க வேண்டும் என்பார்கள். கழுவிய யென்னைக் கொடுத்து, திரும்பும் வழியில் ஊதா நிறச் சர்க்கரைவள்ளி ஐஸ்கிரீம் வாங்கினோம். ஐந்து ரூபாய் ஊருக்குப் போய், பால்காரருக்குக் கொடுக்கப்பட்டதாம்.

நிக்கோவுக்கு ஒரு இரவு தங்குகிற மாதிரி, வாரநாளில் போங்கள். முதல் நாள் கோயில், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலை.