புரோஸ்டேட்டுக்குள் புற்று நுழையும் இரண்டு வழிகள்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் புரோஸ்டேட் சுரப்பியைத் தொட்டுவிட்டது என்று அறிக்கையில் கண்டதும் உடனே டி4 (கட்டி எவ்வளவு ஊடுருவியது என்பதைக் குறிக்கும் ‘டி’ அளவின் உச்சப் படி) என்று அஞ்ச வேண்டியதில்லை. அது எந்த வழியாக நுழைந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பையின் தசைச்சுவரையும் அதைச் சூழ்ந்த கொழுப்பையும் துளைத்துக்கொண்டு சுரப்பியின் உள்திசுவை நேரடியாக அடைந்தால், அது டி4-இன் உட்பிரிவான டி4ஏ. இத்தகையோரிடம் நிணநீர்க் கணுக்களிலும் நோய் காணப்படுவது அதிகம். உயிர்பிழைப்பு வாய்ப்பும் குறைவு.

மற்றொன்று, சுரப்பியின் நடுவே செல்லும் சிறுநீர்ப் புறவழியின் (சிறுநீரை வெளியேற்றும் குழாயின்) உட்சவ்வில் படர்ந்து, அங்கிருந்து உள்ளிறங்குவது. புற்றுநோய்க் கட்டங்களை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் (AJCC) 8ஆம் பதிப்பு விதிப்படி இது சிறுநீர்ப்பையின் டி4 ஆகாது. புறவழிப் புற்றாகத் தனியே கட்டம் குறிக்கப்படுகிறது. உட்சவ்வோடு நின்றால் டிஐஎஸ் (இன்னும் உள்ளிறங்காத புற்று), சவ்வின் அடித்திசுவை எட்டினால் டி1, சுரப்பியின் உள்திசுவில் ஊடுருவினால் டி2. இவ்வழியில் வந்த நோயின் போக்கு பொதுவாக முன்னதைவிட மேலானது என்றாலும், உள்திசுவை எட்டியபின் அதை இலேசாகக் கருதுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

சுரப்பியை முழுமையாக வெட்டி ஆராயாத அறிக்கை இவ்வேறுபாட்டைத் தவறவிடக்கூடும். அறுவைக்கு முன்பே, உள்நோக்கி வழியாகப் புறவழியின் சுவரில் கடிகாரத்தின் 5 மணி, 7 மணி நிலைகளில் எடுக்கப்படும் சிறு திசுத்துண்டுகள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன.