லீவு கிளாஸ் ரிவ்யூ: மக்கிலிங் மலையும் தீதா வீட்டு அடோபோவும்

பிலிப்பைன்ஸ்ல லாஸ் பான்யோஸ் பக்கம் இருக்குற நம்மாளுங்க ரெண்டு மூணு பேரு இந்த லீவு கிளாஸ் எப்படின்னு கேட்டுட்டே இருந்தீங்க, அதான் எழுதுறேன். ஏப்ரல் மே லீவுல பொண்ண ஒரு கிளாஸ்ல சேத்து விட்டோம், கிரேடு 8 முடிச்சிருக்கா, வீட்ல இருந்தா போனே கதின்னு கெடப்பா. கிளாஸ்ல பாதி மலையேற்றம், பாதி பிலிப்பினோ வீட்டுச் சமையல். நாலு சனிக்கிழமை பாடம், அஞ்சாவது சனிக்கிழமை பக்கத்துல இருக்குற மக்கிலிங் மலை ஏறணும். மொத்தம் 4,500 பெசோ. நடத்துறவங்க பேர போடல, ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன்.

திட்டுறத முதல்லயே முடிச்சிடுறேன். பத்து பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ் புக்கு குடுத்தாங்க பாருங்க, சுத்த வேஸ்ட். அபோ மலை உயரம் 2,954 மீட்டர், கோடிட்ட இடத்த நிரப்பு. எவரெஸ்ட் ஏறின முதல் பிலிப்பினோ லியோ ஒராசியோன், 2006 மே 17, பொருத்துக. இதுக்கா காசு கட்டினோம்னு ஆயிடுச்சு. அடுத்த வருஷமே, 2007ல, மூணு பிலிப்பினோ பொண்ணுங்க எவரெஸ்ட்ட திபெத் பக்கமா ஏறி நேபாளம் பக்கமா எறங்கினாங்க, அதுக்கு அந்த புக்குல ஒரே ஒரு வரி, பேரு கூட கெடையாது. என் பொண்ணு விடல, அவங்க பேரு என்னன்னு கேட்டுட்டா. சொல்லிக் குடுக்குற கூயா (இங்க அண்ணன்னு கூப்பிடுற மாதிரி) புக்க மூடி வச்சிட்டு நோயல் வென்செஸ்லாவ், கரீனா தயோன்டோன், ஜேனட் பெலார்மினோன்னு போர்டுல எழுதி அர மணி நேரம் பேசினாராம். ஏறின வழியிலயே எறங்கினா நீ விட்டுட்டு வந்த டென்ட்டும் சாப்பாடும் உனக்காக இருக்கும், வேற பக்கமா எறங்கினா உனக்குத் தெரிஞ்ச எதுவுமே கீழ கெடையாதுன்னு. ராத்திரி சாப்பிடுறப்ப எங்களுக்கு அத அப்படியே நடிச்சே காட்டினா. அந்த ஆளுக்காகவே பாதி காசு தகும்.

ரெண்டாவது வாரம் பேக் அடுக்குற பாடம், நான் கூட்டிட்டு வரப் போனப்ப இன்னும் முடியல, அதனால நானும் நின்னு பாத்தேன். புள்ளைங்கல்லாம் தண்ணி பாட்டில அடியில போட்டு மேல துணிய திணிச்சிருந்தாங்க. கூயா எல்லாத்தையும் வெளிய கொட்டச் சொல்லி, கனமானத முதுகோட ஒட்டி நடுவுல வை, மழைக் கோட்டு மேலாப்ல இருக்கணும், மாத்துத் துணிய பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு கட்டுன்னு சொன்னாரு. சொல்லி முடிச்சிட்டு பாத்ரூம்ல இருந்து தாபோ, அதாங்க நம்ம மொண்டு ஊத்துற கப்பு, அதுல தண்ணி எடுத்து ஒவ்வொரு பேக் மேலயும் ஊத்தினாரு பாருங்க, பாதிப் பேரு சாக்ஸ் சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு. ஒருத்தன் அழுதுட்டான். என் பொண்ணு பை சரியா கட்டல, அவளோடதும் நனைஞ்சுது, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஸ்கூல் பேக்க கூட அப்படித்தான் அடுக்குறா.

சமையல் பாதிய நான் சும்மா நேரம் ஓட்டுறதுக்குன்னு நெனச்சேன், தப்பு. ஒரு தீதா வீட்ல (தீதான்னா அத்த, சித்தி எல்லாம் சேத்து) ஆறு புள்ளைங்கள வச்சு சொல்லிக் குடுத்தாங்க. முதல் நாள் சிக்கன் அடோபோ. வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, அவ்ளோதான். வினிகர் ஊத்தினப்புறம் நல்லா கொதிக்கிற வரைக்கும் கரண்டியே போடக் கூடாதாம், கிண்டினா பச்ச வாடை போகாதுன்னு தீதா கரண்டியப் புடுங்கி இடுப்புல சொருகிக்கிட்டாங்களாம். அடுத்த வாரம் தினோலா, பப்பாளிக் காயும் முருங்கக் கீரையும் போட்ட கோழி சூப்பு. முருங்கைக்கு இங்க மலுங்கய்னு பேரு, கேட்டதும் என் பொண்ணு அது எங்க வார்த்தைன்னு சண்டைக்கே போயிட்டா. இஞ்சி நறுக்குறப்ப மரியா மக்கிலிங் கதைய சொல்லிருக்காங்க, மலையோட தேவதை குடுத்தனுப்பின இஞ்சி வீட்டுக்கு வந்து பாத்தா தங்கமா மாறிருக்குமாம். அங்க தீதாவுக்கு உதவிக்கு இருந்த பொண்ண எல்லாரும் ஆத்தே ஆத்தேன்னு கூப்பிடுவாங்க, அக்கான்னு அர்த்தம். ஊர்ல இருந்து வீடியோ கால்ல பாத்த எங்கம்மா, யாருக்கு என்னடி ஆச்சு இந்தக் கத்து கத்துறாளுகன்னு பதறிட்டாங்க.

அவளுக்கு ரொம்பப் புடிச்சது என்னமோ சினிகாங் தான், புளி போட்ட கொழம்புத் தண்ணி மாதிரி, நம்ம நாக்குக்கு ஒட்டாம இருக்குமா. அதையே மலைக்கு எடுத்துட்டுப் போறேன்னு நின்னா. முதுகுல கொழம்ப சுமப்பியான்னு தீதா சிரிச்சிட்டு அடோபோவ வத்த வச்சு கட்டிக் குடுக்கச் சொன்னாங்க, வினிகர் இருக்குறதால சீக்கிரம் கெடாது, ஒழுகாது. பேக் பாடமும் சமையல் பாடமும் அங்கதான் ஒண்ணு சேந்துச்சு, புக்கு எழுதினவருக்கு இது தோணவே இல்ல.

மலை நாளு மே கடைசி, மழை ஆரம்பிச்சாச்சு. யூ.பி. லாஸ் பான்யோஸ், அதாவது பிலிப்பைன்ஸ் யுனிவர்சிட்டியோட இந்த ஊரு கேம்பஸ், பாத்துக்குற காடு அது, ஃபாரஸ்ட்ரி காலேஜ் பக்கம் பேர எழுதிட்டு காலைல ஆறு மணிக்கு நடக்க ஆரம்பிச்சாங்க, பெத்தவங்கள்ல நானும் இன்னொருத்தரும் கூடப் போனோம். முன்னாடி கூயா, கடைசில யாரும் பின்தங்கிடாம பாத்துக்குற ஸ்வீப்பரா ஆத்தே. பெரிய மரத்தக் கடக்குறப்ப எல்லாம் புள்ளைங்க தாபி தாபி போன்னு மொணகுதுங்க, காட்டுல இருக்குறவங்களே கொஞ்சம் வழி விடுங்கன்னு கேக்குறதாம், எனக்கு மூச்சு வாங்கினதுல நானும் சொல்லிட்டேன். அப்புறம் லிமாதிக். ஊசி மாதிரி குட்டி அட்டை, சாக்ஸ் பின்னல்லயே பூந்து வருது, என் காலுல மட்டும் நாலு. கூயா ஆல்கஹால் ஸ்ப்ரே அடிச்சு விழ வச்சாரு. இத ஒரு வார்த்த முன்னாடி மெசேஜ்ல சொல்லிருக்கலாம்ல, அவ்ளோ பெரிய லிஸ்ட்டுல விசில் வரைக்கும் இருந்துச்சு, அட்டை இல்ல. இதுக்குத்தான் ஒரு ஸ்டார் வெட்டினேன், இன்னொண்ணு அந்த ஜெராக்ஸுக்கு.

மக்கிலிங்கோட உச்சி பீக் 2, 1,090 மீட்டர். மேல போனா மேகம், ஒண்ணும் தெரியல. என் பொண்ணு அதப் பத்தி கவலையே படல, பேக்க எறக்கி, காஞ்ச சாக்ஸ் எடுத்து மாட்டிட்டு, ஆறிப் போன அடோபோவும் சோறும் எல்லாருக்கும் பங்கு வச்சா. நான் கொண்டு போன பிரெட்டு நனைஞ்சு களி ஆயிருந்துச்சு, நான் பிளாஸ்டிக் பைல கட்டல.

அஞ்சுக்கு மூணு. சேக்குறதா இருந்தா நெருக்கமா பின்னின நீள சாக்ஸ் ரெண்டு ஜோடி வாங்கிடுங்க, தீதா கிளாஸ் சனிக்கிழமை மத்தியானம் தான், கூட்டிட்டு வரப் போறப்ப பசியோட போங்க, சாப்பிடாம விட மாட்டாங்க.