2021 கோடையில் கிளம்பிய ஐவர்

2022 மார்ச் 9, மாட்ரிட் பெர்னபியூ அரங்கம். ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் 61ஆவது நிமிடம் பிஎஸ்ஜி (பாரிஸ் சென் ஜெர்மென்) கோல்காப்பாளர் டொன்னரும்மா பந்தை வைத்துக்கொண்டு தடுமாற, ரியல் மாட்ரிட்டின் பென்சிமா கோல் அடித்தார். 78ஆவது நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு. கொண்டாட்டத்தில் அலாபா ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினார். மெஸ்ஸி மைதானத்தில் நின்று பார்த்தார். ராமோஸும் வைனால்டமும் களமிறங்கவே இல்லை.

டொன்னரும்மா, அலாபா, மெஸ்ஸி, ராமோஸ், வைனால்டம் ஆகிய ஐவரும் 2021 கோடையில் ஒப்பந்தம் முடிந்து, பழைய கிளப்புக்குச் சல்லிக்காசு கிடைக்காமல் இடம் மாறியவர்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர் இலவசமாக இடம் மாறலாம் என்ற 1995 போஸ்மன் தீர்ப்பு திறந்துவிட்ட வழி அது. நால்வர் பாரிசுக்குப் போனார்கள், அலாபா மட்டும் ரியல் மாட்ரிட்டுக்கு.

இந்த இடமாற்றத்தால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், எனக்கு அலாபாதான் முதலிடம். ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கிளப்பை விட்டு வந்தபோது அவருக்காக மாட்ரிட்டில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. 16 ஆண்டுகள் ஆடிய ராமோஸ் கிளம்பிவிட, அவருடைய 4ஆம் எண் சட்டை அலாபாவுக்கு வந்தது. பார்சிலோனாவுக்கு எதிரான முதல் எல் கிளாசிகோவிலேயே கோல், முதல் பருவத்திலேயே சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2023 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து ஓராண்டுக்கு மேல் ஆட முடியாமல் போனது தனிச் சோகம்; அதற்கு இடமாற்றத்தைக் குறை சொல்ல முடியாது.

ராமோஸ் கேட்டது இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மாட்ரிட் கொடுக்க முன்வந்தது ஓராண்டு. பாரிஸ் இரண்டு ஆண்டு கொடுத்தது. ஆனால் 35 வயதுக் கெண்டைக்கால் ஒத்துழைக்கவில்லை. நவம்பர் இறுதியில்தான் முதல் ஆட்டம். இரண்டாம் பருவத்தில் ஒழுங்காக ஆடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிகம் இழந்தவர் வைனால்டம். லிவர்பூல் நடுக்களத்தில் அசைக்க முடியாதவராக இருந்தவர், வெராட்டி, பரேடஸ், கெயே, டனிலோ என்று ஏற்கெனவே நெரிசலாக இருந்த இடத்துக்குள் போய் நின்றார். சில மாதங்களிலேயே தனக்கு மகிழ்ச்சி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டு ரோமாவுக்கு இரவலாகப் போன வேகத்தில் பயிற்சியில் கால் முறிந்தது. உலகக் கோப்பையும் கைநழுவியது.

மெஸ்ஸியை இந்தத் தராசில் வைப்பதே சரியில்லை. அவர் விரும்பிப் போகவில்லை, பார்சிலோனாவால் லீக்கின் சம்பள வரம்புக்குள் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. 75 ஆட்டங்களில் 32 கோல், இரண்டு லீக் பட்டங்கள், கூடவே சொந்த ரசிகர்களின் கேலிச் சீழ்க்கை.

டொன்னரும்மாவின் கணக்கு மட்டும் நெடுநாள் தீரவில்லை. யூரோ கோப்பையின் சிறந்த வீரராக 22 வயதில் இத்தாலியின் மிலான் கிளப்பை விட்டுப் பாரிஸ் வந்தவர், முதல் பருவத்தில் இன்னொரு கோல்காப்பாளர் நவாஸுடன் இடத்தைப் பங்கிட வேண்டியிருந்தது. அதே பருவத்தில் மிலான், லில் கிளப்பிலிருந்து வாங்கிய கோல்காப்பாளர் மெய்ன்யானை வைத்து 11 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியப் பட்டத்தை வென்றது. சிரித்தவர்கள் அன்று மிலான் ரசிகர்கள். 2025இல் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் அரங்கில் பெனால்டிகளைத் தடுத்து, சாம்பியன்ஸ் லீக்கையும் வென்று டொன்னரும்மா பதில் சொன்னார். ஆனால் ஒப்பந்தத்தில் ஓராண்டு மட்டுமே மிச்சம். அவரை இலவசமாக இழந்து மிலான் பட்ட சூட்டைப் பார்த்திருந்த பிஎஸ்ஜி, அவரை அணியிலிருந்து ஒதுக்கி, மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றுப் பணமாக்கிக்கொண்டது. பதிலுக்கு வந்த கோல்காப்பாளர் ஷெவாலியே. அவரையும் லில்லிலிருந்துதான் வாங்கினார்கள்.