திருகோணமலை வெக்கையில் ஒரு வைன் பெட்டி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2018 ஆம் ஆண்டு ஆவணி மாதம், உவர்மலையிலுள்ள எமது வீட்டில் மர அலுமாரியைத் திறந்தபோது, பாரிஸிலிருந்து அண்ணன் கொண்டுவந்து தந்த போர்தோ சிவப்பு வைன் போத்தலொன்றின் தக்கை, மேலுறையைத் தள்ளிக்கொண்டு அரை விரலளவு வெளியே எழும்பியிருந்ததைக் கண்டேன். கழுத்திலிருந்து வழிந்த வைன் லேபலில் காய்ந்து, தொட்டால் பிசுபிசுத்தது. வெப்பத்தில் உள்ளிருக்கும் திரவம் விரிந்து தக்கையைத் தள்ளும். இரவில் அறை சற்றுக் குளிர்ந்ததும் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் பகல் வெப்பம் 34, 35 பாகைக்கு ஏறும் ஊரில், இது நாள்தோறும் நடந்திருக்கிறது. திறந்து குடித்துப் பார்த்தோம். பழத்தின் வாசம் போய், காய்ச்சிய பழப்பாகின் சுவையே மிஞ்சியிருந்தது.

மீதிப் போத்தல்களைச் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றியதும் சரியான தீர்வாகவில்லை. 4 பாகைக் குளிர் வைனுக்கு அதிகம், உள்ளே காற்றும் வறண்டது, பக்கத்தில் கருவாட்டுப் பொதி வேறு. சில மாதங்களின் பின் ஒரு வெள்ளை வைனின் அடியில் கண்ணாடித் துகள் போன்று ஏதோ மின்னவே, அதை ஊற்றிவிடப் போனேன். குளிரில் டார்ட்டாரிக் அமில உப்பு படிகமாகப் பிரிந்தது என்றும், அதனால் தீங்கில்லை என்றும் அண்ணன் தொலைபேசியில் சொல்லித்தான் அந்தப் போத்தல் தப்பியது.

அடுத்து, சத்தமில்லை என்று கடைக்காரர் புகழ்ந்த 12 போத்தல் கொள்ளும் சிறு வைன் குளிர்ப்பெட்டியொன்றை வாங்கி ஏமாந்தேன். அதில் கொம்பிரசர் கிடையாது. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடுதான் இருந்தது. இவ்வகைப் பெட்டிகள் அறை வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து பாகை மட்டுமே குறைக்கக்கூடியவை என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. அறை 33 பாகையில் இருக்கையில் உள்ளே 20 பாகைக்குக் கீழே அது இறங்கியதே இல்லை. இரவு பகலாக ஓடிக் களைத்து, வாங்கிய பதினோராம் மாதம் நின்றுவிட்டது. குளிரான நுவரெலியாவில் அது நன்றாக வேலை செய்யும் என்றே நினைக்கிறேன்.

2019 இன் இறுதியில் வாங்கிய கொம்பிரசர் பெட்டியே இன்றுவரை ஓடுகிறது. 13 பாகையில் வைத்திருக்கிறேன். நீண்டகாலச் சேமிப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 12 முதல் 14 வரையான அளவுக்குள் அது இருக்கிறது. தக்கை காய்ந்து சுருங்காதபடி போத்தல்கள் படுக்கையாகக் கிடக்கின்றன. 28 போத்தல் கொள்ளும் என்று எழுதியிருந்தாலும், அந்தக் கணக்கு ஒல்லியான போர்தோப் போத்தலுக்கு மட்டுமே பொருந்தும். வயிறு பருத்த பர்கண்டிப் போத்தல்களும் ஷாம்பேனும் கலந்தால் 21 க்கு மேல் போகாது. மின்மானியில் பார்த்தபோது சாதாரண நாட்களில் 0.7 அலகும், கச்சான் காலத்தில் ஓர் அலகுக்குச் சற்று மேலும் செலவாகிறது.

முதலில் கடற்பக்க விறாந்தையில் வைத்ததுதான் நான் விட்ட பெரிய பிழை. இரண்டே ஆண்டில் வெப்பத்தை வெளியேற்றும் பின்புறச் சுருள் கறல் பிடித்தது, கதவுக் கீல் இறுகியது, பின்னர் கட்டுப்பாட்டுப் பலகையும் உப்புக்காற்றில் அரிபட்டுச் செயலிழந்தது. விற்ற கடைக்காரர்கள் உப்பரிப்பு உத்தரவாதத்துக்குள் அடங்காது என்று கைவிரித்துவிட, மாற்றுப் பலகை கொழும்பிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதுவரை போத்தல்கள் மச்சான் வீட்டு ஏசி அறையில் கட்டிலுக்கடியில் கிடந்தன. இப்போது பெட்டி வீட்டின் நடு அறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மாதமொரு முறை பெயின்ற் தூரிகையால் சுருளைத் தட்டி, ஆணிகளுக்கும் கீல்களுக்கும் வசலின் பூசுகிறேன். அதன் பிறகு பழுதில்லை.

வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் தொல்லை வேறுவிதமாக வரும்: கதவுக் கண்ணாடி வியர்த்து நீர் வடியும், லேபல்களில் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் வைனைக் கெடுக்காதென்றாலும் ஆண்டைப் படிக்க முடியாமற் போவதால், லேபல்களைச் சமையலறைப் பிளாஸ்ரிக் தாளால் சுற்றிவிடுகிறேன். நீர் வடியும் துளையையும் அவ்வப்போது குத்திவிட வேண்டும். ஒருமுறை அடைபட்டுக் கீழ்த்தட்டு முழுவதும் குளமாகிவிட்டது.

2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, இனி எல்லாம் வீண் என்றே நினைத்தேன். ஆனால் நிறைந்த பெட்டியில் போத்தல்களே குளிரைப் பிடித்து வைத்திருந்தன. கதவைத் திறக்காதிருந்தால் ஆறு மணித்தியாலத்தில் 17 பாகைக்குத்தான் ஏறியது. வெப்பம் மெதுவாக ஏறி இறங்கியதைவிட, மின்சாரம் வந்து வந்து போனதே கொம்பிரசருக்கு ஆபத்தாக இருந்தது. ஓடி நின்ற உடனே மீண்டும் இயங்க முனைந்தால் அது திணறும். ஐந்து நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் காப்புக் கருவியொன்றை அப்போது பூட்டினேன். பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை.

பத்துப் போத்தலுக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. விற்கப்படும் வைன்களிற் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டில் குடிப்பதற்காகவே செய்யப்படுபவை. பெட்டி வாங்கிய மாதம் உள்ளே வைத்த போர்தோ ஒன்றைக் கடந்த தைப்பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது திறந்தோம். தக்கையின் அடி மட்டும் சிவந்திருந்தது, பக்கவாட்டில் வைன் கசிந்த கோடு ஒன்றுகூட ஏறவில்லை. இன்னும் மூன்று போத்தல் அதே தட்டில் இருக்கின்றன.